தோட்டா எங்கே போய் விழும்?

குச்சிக்கிழங்குக் காட்டில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கிப் போன மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்து உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிராக்டரில் கலப்பை போட்டு உழுததுபோல் மண் கிளறிக் கிடக்கும். தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்; கிழங்கு பாதி கடிபட்டு, செம்மண் அப்பி, வெயிலில் கறுக்கத் தொடங்கியிருக்கும். பன்றி தின்றது கொஞ்சம்தான். வேர் ஆடிப்போன பக்கத்துச் செடிகள் அதற்கப்புறம் கிழங்கு பருக்காமல் நிற்பதுதான் பெரிய நட்டம். பத்து மாதப் பயிர். சேகோ ஆலைக்கு லோடு ஏற்ற வேண்டிய நேரத்தில் இப்படி ஆனால், தூரத்தில் மறைந்து நின்று நாலு பன்றியைச் சுட்டுத் தள்ளினால் என்ன என்று எந்த உழவருக்கும் தோன்றத்தான் செய்யும்.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. தூரத்தில் நின்று என்பதில்தான் சிக்கல். இந்த உரை முழுவதும் அந்தத் தூரத்தைப் பற்றியது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிற விலங்கு. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உழவர் தாமாகத் துப்பாக்கி தூக்கினால் குற்றம். கேரளம் 2022-இல் ஊராட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு பன்றியைச் சுட வழிசெய்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு வேறொரு ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரையும் தாண்டி வந்துவிட்டால் வனத்துறையினர் சுடலாம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, போதமலை ஆகியவற்றின் காப்புக்காடுகளிலிருந்து 3 கிலோமீட்டர் விலகினால் வருவது என்ன? காட்டுக்கொட்டாய்கள், கோழிப்பண்ணைக் கொட்டகைகள், கிணற்று மேட்டில் கட்டில் போட்டுத் தூங்குகிறவர்கள், இரவு முறைக் கரண்டுக்கு மோட்டார் போட டார்ச்சோடு வருகிறவர்கள். சுடலாம் என்று சொல்லப்பட்ட நிலம்தான் மனிதர்கள் நெருங்கி வாழ்கிற நிலம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலுமே சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல். ஆகவே குறி தப்பினால் அந்தத் தோட்டா எங்கே போய் விழும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இங்கே விசையில் விரல் வைக்கக் கூடாது.

அந்தப் பதிலைத் தேடிக் கணக்குப் போட்ட முதல் ஆள்களில் ஒருவர் இறந்தது நம் கடலூரில்.

பெஞ்சமின் ராபின்ஸ், 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறந்தவர். அவருக்கு முன்பே கலிலியோ 1638-இல், எறிந்த பொருள் பரவளைவுப் பாதையில் போகும் என்று எழுதியிருந்தார். காற்றே இல்லாத உலகத்தில் அது சரி. ராபின்ஸ் கனமான மரப்பலகை ஒன்றை ஊசல்போல் தொங்கவிட்டார். அதில் துப்பாக்கிக் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். குழலிலிருந்து வெவ்வேறு தூரங்களில் ஊசலை வைத்து அளந்தபோது, வழியில் காற்று பறித்துக்கொள்ளும் வேகம் அதுவரை எல்லோரும் நினைத்ததைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. 1742-இல் இதைப் புத்தகமாக்கினார். 1745-இல் கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தம் விளக்கங்களையும் சேர்த்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைகளைச் செப்பனிட ராபின்ஸை இங்கே அனுப்பியது. வந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் விழுந்து, 1751 ஜூலை 29 அன்று கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். உலகெங்கும் துப்பாக்கி அறிவியலின் தந்தை என்று சொல்லப்படுபவர் நம் கடற்கரையில்தான் கண்மூடினார் என்பது பள்ளிப் பாடத்தில் இடம்பெறத் தக்க செய்தி.

அவர் தொடங்கிவைத்த கணக்கை இன்றைய எண்களில் போட்டுப் பார்க்கலாம். தோட்டா குழலை விட்ட நொடியிலேயே விழத் தொடங்குகிறது. வேகமாகப் போகிற தோட்டா விழாது என்பது பலரும் நம்புகிற கதை. கையிலிருந்து நழுவிய கல் எப்படி விழுமோ அப்படித்தான் அதுவும் விழும்: 0.1 நொடியில் 5 சென்டிமீட்டர், 0.2 நொடியில் 20, 0.3 நொடியில் 44, அரை நொடியில் 120-க்கும் மேல். பறக்கிற நேரம் இரண்டு மடங்கானால் வீழ்ச்சி நாலு மடங்கு. தூரத்தில் சுடுகிறவர் குழலைச் சற்றே மேல்நோக்கி வைப்பது இதனால்தான்.

போட்டிகளில் புழங்கும் .22 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். எடை 2.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். 100 மீட்டர் போக ஏறத்தாழ 0.33 நொடி, அதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து அரை மீட்டர் இறங்கிவிடும். 7.62 மில்லிமீட்டர் ரைஃபிளின் 11 கிராம் தோட்டா நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் கிளம்புகிறது. 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த அந்தத் துப்பாக்கியால் 300 மீட்டரில் சுட்டால் தோட்டா குறிக்குக் கீழே ஏறத்தாழ 50 சென்டிமீட்டரில் போகும். ஸ்கோப்பில் இருக்கும் திருகை இத்தனை கிளிக் திருப்பினால் இது சரியாகிவிடும். ஆனால் 350 மீட்டரை 300 என்று கண்ணால் மதிப்பிட்டவர் கதி? மேலும் ஒரு சாண் கீழே. சோளக்காட்டுக்கு அப்பால் நிற்கும் மரம் 300 மீட்டரா 350-ஆ என்று பகலிலேயே பலருக்குச் சொல்ல வராது. இராணுவமும் போட்டிக்காரர்களும் லேசர் தூரமானி வைத்துக்கொள்வது அதனால்தான்.

வீழ்ச்சியாவது கணக்குக்குள் அடங்கும். தூரம் தெரிந்தால் போதும், புவியீர்ப்பு இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றுமாக இருப்பதில்லை. காற்று அப்படியில்லை.

பக்கக் காற்று தோட்டாவை என்ன செய்கிறது என்பதில் ஒரு விநோதம் உண்டு. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் காற்று குறுக்கே அடிக்கிறது, தோட்டா 300 மீட்டர் போக 0.42 நொடி ஆகிறது என்றால், இரண்டையும் பெருக்கி 1.68 மீட்டர் விலகும் என்றுதான் தோன்றும். உண்மையில் விலகுவது சுமார் 20 சென்டிமீட்டர். காற்றே இல்லாத வெளியில் அதே தோட்டா 0.37 நொடியில் போய்ச் சேர்ந்திருக்கும். காற்றின் தடையால் நேர்ந்த தாமதம் 0.05 நொடி. பக்கக் காற்றின் வேகத்தை இந்தத் தாமதத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். வழியில் வேகத்தை இழக்காத தோட்டாவைக் காற்று அசைக்காது. வேகம் இழக்க இழக்கத்தான் அது காற்றுக்கு வசப்படும். இதனால் வேகமான தோட்டாவே எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஒலியின் வேகத்தைக் கொஞ்சம் தாண்டிக் கிளம்புகிற அதிவேக .22 தோட்டா, ஒலிவேகத்துக்குக் கீழே கிளம்புகிற சாதாரண .22 தோட்டாவைவிட 100 மீட்டரில் அதிகமாக விலகும். ஒலிவேகத்தை ஒட்டிய நிலையில் தடை சட்டென்று ஏறுவதே காரணம். துப்பாக்கி பழகுகிறவர்களில் பலர் இதைக் கேட்டதும் நம்ப மாட்டார்கள். சுட்டுப் பார்த்த பிறகு நம்புவார்கள்.

காற்றின் திசையும் முக்கியம். நேர்க்குறுக்காக அடிக்கும் காற்றுக்கு முழு விலகல். 30 பாகைச் சாய்வாக வந்தால் பாதி. முகத்துக்கு நேரே வந்தால் பக்க விலகல் இல்லை, வீழ்ச்சியில் மட்டும் மிகச் சிறிய மாற்றம். சுடுகிறவர் பக்கத்தில் அடிக்கும் காற்று, குறியின் பக்கத்தில் அடிக்கும் காற்றைவிட அதிகக் கெடுதல் செய்யும். தொடக்கத்தில் பாதை கொஞ்சம் திரும்பினால் மீதித் தூரம் முழுக்க அந்தத் திருப்பம் வளர்ந்துகொண்டே போகும்.

இதை அறிந்தவர்கள் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்காரர்கள். பாரிஸில் 2024-இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. நொடிக்கு 3 மீட்டர் பக்கக் காற்று .22 தோட்டாவை 50 மீட்டரில் 2 சென்டிமீட்டர் தள்ளும். 10 விழ வேண்டியது 8 ஆகிவிடும். அதனால் விதிப்படியே சுடுதளத்தில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சிறு துணிக்கொடிகள் கட்டுகிறார்கள். வீரர் குறியைப் பார்ப்பதற்கு முன் கொடியைப் பார்க்கிறார். கொடி முந்தின தடவை நின்ற நிலைக்கு வரும்வரை விரலை அசைக்காமல் காத்திருப்பவர்களே மேலே வருகிறார்கள்.

சேலம், நாமக்கல் சமவெளியில் கொடி கட்டத் தேவையில்லை, பகலில். இலைகள் சலசலத்தால் நொடிக்கு 2 அல்லது 3 மீட்டர். இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 4, 5 மீட்டர். களத்துமேட்டில் புழுதியும் காகிதமும் கிளம்பினால் 6-க்கு மேல். இவை வானிலையாளர்களின் பியூஃபோர்ட் அளவுகோல் சொல்வது; உழவர்கள் பெயர் தெரியாமலே பயன்படுத்துவது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று ஈரோடு, கரூரைக் கடந்து நாமக்கல் பக்கம் வரை தென்னை மட்டையை ஒரே பக்கம் வாரிவிடும். சித்திரை வெயிலில் தொலைநோக்கியில் பார்த்தால் கானல் தெரியும். காற்றில்லாதபோது அது கொதிப்பதுபோல் மேலே எழும். காற்று வந்தால் பக்கவாட்டில் ஓடும். காற்று பலத்தால் தட்டையாகிவிடும். தூரக் குறி சுடுபவர்களுக்குக் கானல் கண்ணை ஏமாற்றவும் செய்யும், காற்றைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

ஆனால் இலை, புழுதி, கானல் எல்லாமே பகலின் அடையாளங்கள். காட்டுப்பன்றி வருவது இரவில். டார்ச் வெளிச்சத்தில் பன்றியின் உருவம் தெரியலாம். நடுவில் இருக்கிற 200 மீட்டரில் காற்று எப்படிப் புரள்கிறது என்று எந்த வெளிச்சமும் காட்டாது. தூரக் குறியின் கலை முழுவதும் இங்கே செல்லாமல் போய்விடுகிறது.

இந்தக் கலை வளர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க மேய்ச்சல் சமவெளிகளில் பிரெய்ரி நாய் என்று ஒரு விலங்கு, அணில் இனம், நிலத்தில் வளை தோண்டும். பண்ணைக்காரர்கள் அதை 300, 400 மீட்டரிலிருந்து சுடுவார்கள். இப்படிச் சிறு உருப்படிகளைத் தொலைவிலிருந்து சுடுவதற்காகவே வின்செஸ்டர் கம்பெனி 1935-இல் .220 ஸ்விஃப்ட் தோட்டாவை விற்கத் தொடங்கியது. வேகம் நொடிக்கு 1,200 மீட்டர் அளவு. தரையில் பட்டதும் பொடிப்பொடியாகிவிடும்படி இலேசான தோட்டா. அது நடப்பது பகலில், திறந்த வெளியில், நிற்கிற குறிமேல். வயோமிங் மாநிலத்தில் சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர்கூட இல்லை. அங்கே பிறந்த பழக்கத்தைச் செல்போன் காணொளியில் பார்த்துவிட்டு, நாமகிரிப்பேட்டை மஞ்சள் காட்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

பன்றி நிற்கிற குறியும் அல்ல. மெல்ல நடக்கிற பன்றி நொடிக்கு ஒன்றரை மீட்டர் நகர்கிறது என்று வைத்தால், 300 மீட்டரிலிருந்து கிளம்பிய தோட்டா வந்து சேர்வதற்குள் அது 60 சென்டிமீட்டர் முன்னே போயிருக்கும். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும், அல்லது படாமலே போகும். வயிற்றில் அடிபட்ட பன்றி உடனே சாகாது. கரும்புக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். காலையில் தண்ணீர் திருப்ப வருகிற பெண்மணிதான் அதை எதிர்கொள்வார். இதைவிடப் பெரிய கொடுமை பயிர்ச் சேதத்தில் இல்லை.

இத்தனைக்கும் மாற்று நம் நிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது: பரண். சோளத்துக்கும் கம்புக்கும் காவல் இருக்கக் கவணோடு ஏறிய அதே பரண்.

பரண் வெறும் உயரமான இருக்கை அல்ல என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். தரையில் நின்று, தோளுயரத்தில், 100 மீட்டரில் இருக்கும் பன்றியைச் சுடுகிறார் ஒருவர். தோட்டா பன்றியின் முதுகை உரசாமல் தாண்டிவிட்டால், சமதரையில் அது மேலும் 100 மீட்டருக்கு அப்பால்தான் மண்ணைத் தொடும். தொடும்போதும் கோணம் ஒரு பாகைகூட இருக்காது. காய்ந்த கெட்டித் தரையிலோ கரட்டுப் பாறையிலோ பட்டுத் தெறித்து எழும்பினால் இன்னும் எங்கேயோ போகும். சிறிய .22 தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் போகக்கூடும். இப்போது 4 மீட்டர் உயரப் பரணிலிருந்து 30 மீட்டரில் சுடுவதைப் பாருங்கள். முதுகைத் தாண்டிய தோட்டா பன்றிக்குப் பின்னால் ஏழெட்டு மீட்டரில், உழுத மண்ணில், கீழ்நோக்கிய கோணத்தில் இறங்கிவிடும். ரைஃபிள் தோட்டா அந்த 30 மீட்டரைக் கடக்க 0.04 நொடி, வீழ்ச்சி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, காற்றின் விலகலை எண்ணவே வேண்டாம், அதற்குள் பன்றி நகர்வது 6 சென்டிமீட்டர். தூரம், வீழ்ச்சி, காற்று, ஓட்டம், பின்புலம் ஆகிய ஐந்து சிக்கல்களும் ஒரு பந்தலுயர மேடையில் பெரிதும் குறைந்துவிடுகின்றன.

பழைய சேலம் மாவட்டத்துக் காடுகளில் வேட்டையாடியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். தர்மபுரி 1965 வரை சேலத்தோடுதான் இருந்தது. பென்னாகரம், ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் துரத்திய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். 19 கிராம் எடை, மழுங்கிய மூக்கு, நொடிக்கு 670 மீட்டர். தூரத்தில் சட்டென்று சரிந்துவிடும் தோட்டா அது. ஆனால் இரைக்கு மேலே பரண் கட்டி, விலங்கு பக்கத்தில் வரும்வரை மூச்சடக்கி உட்கார்ந்தவருக்கு அது குறையாகவே தெரியவில்லை.

பரண் கட்ட மறுத்து எளிய வழி தேடினால் என்ன ஆகும் என்பதும் நாம் பார்த்ததுதான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன; இரண்டு குட்டிகள் தாயை இழந்து நின்றன. வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த விலங்குகள் பட்டினியில் சாகின்றன. மலையடிவாரங்களில் அவ்வப்போது பறிமுதலாகும் நாட்டுத் துப்பாக்கியில் வரிப்பள்ளம் இல்லாத குழல், கையால் இடித்த கரிமருந்து, பால்ரஸ் குண்டு. ராபின்ஸ் 1740-களிலேயே சுட்டிக்காட்டிய குறை அப்படியே அதில் இருக்கிறது: வரிப்பள்ளம் இல்லாத குழலிலிருந்து கிளம்பும் உருண்டைக் குண்டு தன்போக்கில் சுழன்று, சுடுபவர் நினைக்காத பக்கம் வளையும். நம் படைக்கலச் சட்டம் பயிர்க் காவலுக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் பெற இடம் வைத்திருக்கிறது. ஆனால் அந்த உரிமம் காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. சத்தம் எழுப்பி விரட்டுவதோடு சரி.

ஆகவே உழவர்கள் வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்போது, சுட ஆள் அனுப்புங்கள் என்று மட்டும் எழுதினால் போதாது. வருகிறவர் நிலத்தைப் பகலில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். எந்தப் பக்கம் காட்டுக்கொட்டாய், எந்தப் பக்கம் பண்ணைக் கொட்டகை, எந்தப் பக்கம் வண்டிப்பாதை என்று குறித்துக்கொள்ளட்டும். பரணை உழவர்களே முன்கூட்டிப் போட்டுவைக்கலாம். 30 மீட்டருக்குள் வராத பன்றியைச் சுடுவதில்லை என்று இரு தரப்பும் பேசி முடிவுசெய்யலாம். அன்றிரவு அந்தக் காட்டைச் சுற்றி யாரும் மோட்டார் போட வரக் கூடாது என்று ஊருக்குச் சொல்லிவிடலாம்.

பரணை எந்தப் பக்கம் போடுவது? காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், கரட்டை ஒட்டிய காடுகளில் இருட்டிய பிறகு சரிவு சீக்கிரம் குளிரும். குளிர்ந்து கனத்த காற்று மெல்லக் கரட்டிலிருந்து சமவெளிப் பக்கம் இறங்கும். பரண் சமவெளிப் பக்கம், முகம் கரட்டைப் பார்த்து இருந்தால் ஆள் வாசனை பன்றிக்குப் போகாது. பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு அபாரம். காற்று நேர்முகமாக வருவதால் பக்க விலகலும் இல்லை. தப்பிய தோட்டாவைத் தாங்க எதிரே ஏறுசரிவு இருக்கிறது, வீடுகள் முதுகுப் பக்கம் இருக்கின்றன. ஆடியில் மேல்காற்று இரவிலும் ஓயாத நாள்களில் இந்த ஏற்பாடு மாறும். வாசனை கிழக்கே போகும் என்பதால் பரணைக் காட்டின் கீழ்புறம் போட்டு மேற்கே பார்த்து உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் எதிரே வீடு வருமானால், அந்த இரவில் துப்பாக்கியை எடுக்காமல் தகரத்தைத் தட்டியும் வெடி போட்டும் விரட்டிவிட்டு, காற்று ஓய்கிற இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும்.